ஜோன்ஸ் என்றால் எந்த ஜோன்ஸ்?



நம் சங்கத்தின் முகவரிக் கையேட்டைப் புதுப்பிப்பதற்கான படிவம் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். அதில் ‘பெயர்’ என்று ஒரு கட்டம், ‘குடும்பப் பெயர்’ என்று இன்னொரு கட்டம். இரண்டாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று எங்கள் பிளாக்கிலேயே நான்கு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். வங்கியில் முப்பத்தைந்து வருடம் படிவங்களோடு குடும்பம் நடத்தியவன், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள். அந்தக் கட்டம் எனக்கும் பழைய தலைவலிதான். சமீபத்தில்தான் அதற்கு ஒரு தெளிவு கிடைத்தது. கிடைத்த இடம் வேடிக்கையானது: இங்கிலீஷ் சினிமாவும் டெலிவிஷன் தொடர்களும்.

போன வருடம் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரண்டு மாதம் வீட்டோடு கிடந்தேன். மகள் தன் ஓடிடி சந்தாவைத் திறந்து கொடுத்தாள். முதலில் ‘இந்தியானா ஜோன்ஸ்’ படங்கள். அடுத்து மகளின் சிபாரிசில் ‘பிரிட்ஜெட் ஜோன்ஸின் டைரி’ (2001). இது என்ன, இங்கேயும் ஜோன்ஸா என்று தோன்றவே, ஒரு விளையாட்டாகத் தேட ஆரம்பித்தேன். ‘டாம் ஜோன்ஸ்’ (1963), ‘கார்மென் ஜோன்ஸ்’ (1954), ‘மிஸ்டர் ஜோன்ஸ்’ (2019). டெலிவிஷனில் ‘பார்னபி ஜோன்ஸ்’ என்று வயதான துப்பறிவாளர் ஒருவர் (1973-1980), ‘ஜெசிக்கா ஜோன்ஸ்’ என்று இளம் துப்பறிவாளர் ஒருத்தி (2015-2019). ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ படத்தில் பேய்க்கப்பலின் கேப்டன்கூட டேவி ஜோன்ஸ்.

இவர்களில் யாரும் யாருக்கும் உறவு இல்லை. தொல்பொருள் பேராசிரியர், லண்டன் ஆபீஸ் பெண், அனாதைப் பையன், பாராசூட் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள், பத்திரிகையாளர். ஆனால் எல்லோருக்கும் ஒரே குடும்பப் பெயர். லெட்ஜர் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உறுத்தாமல் இருக்குமா?

காரணத்தைச் சொல்வதற்கு முன் என் லெட்ஜர் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1983-ல் நான் வேலைக்குச் சேர்ந்த கிளையில் கம்ப்யூட்டர் கிடையாது. எல்லாம் கையால் எழுதும் தடித்த லெட்ஜர்கள். எஸ். மணி என்ற பெயரில் மட்டும் பதினோரு சேமிப்புக் கணக்குகள். ஒருநாள் ஒரு எஸ். மணி கட்டிய 600 ரூபாயை இன்னொரு எஸ். மணியின் பக்கத்தில் வரவு வைத்துவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது. கணக்கு எண்ணைப் பார்க்காமல் பெயரைப் பார்த்தேன். பணம் கட்டியவர் மகளின் காலேஜ் ஃபீஸுக்காக எடுக்க வந்தபோது அவர் பக்கத்தில் பணம் இல்லை. அந்த இன்னொரு மணி அதற்குள் எடுத்துச் செலவழித்துவிட்டிருந்தார். இவர் சத்தம் போடவில்லை. “நானும் எஸ். மணிதானே சார்” என்று மட்டும் சொன்னார். என் சம்பளப் பணத்திலிருந்து அன்றே கொடுத்துவிட்டேன். மாலையில் ஹெட் கிளார்க் என் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து, பதினோரு பக்கங்களிலும் பெயருக்குப் பக்கத்தில் எழுத வைத்தார்: சுப்பையா மகன், சைக்கிள் கடை. சண்முகம் மகன், தபால்காரர். செல்லப்பா மகன், பால் சொசைட்டி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ‘எஸ்’ என்ற ஒரே எழுத்துக்குப் பின்னால் பதினோரு அப்பாக்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஜோன்ஸ் என்பதும் அப்படி ஒரு அப்பாவின் பெயர்தான்.

ஜானின் மகன்

ஜோன்ஸ் என்ற பெயர் அதிகம் உள்ள இடம் வேல்ஸ். பிரிட்டனின் மேற்கில், தனக்கென்று ஒரு மொழி உள்ள நாடு. அந்த மக்களுக்குப் பழங்காலத்தில் நிரந்தரமான குடும்பப் பெயர் கிடையாது, நம்மைப் போலவே. மகனுக்கு ‘ஆப்’ என்றும் மகளுக்கு ‘வெர்க்’ என்றும் சேர்த்துத் தகப்பன் பெயரைச் சொல்வார்கள். ரீஸின் மகன் டேவிட் என்றால் டேவிட் ஆப் ரீஸ். அவன் மகன் தாமஸ் என்றால் தாமஸ் ஆப் டேவிட். தலைமுறைக்குத் தலைமுறை பின்பாதி மாறிக்கொண்டே போகும். தேவைப்பட்டால் அப்பா, தாத்தா, பாட்டனார் என்று ஏழெட்டுப் பெயரையும் வரிசையாகச் சொல்வார்கள்.

16-ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி காலத்தில் வேல்ஸ் ஆங்கிலேயச் சட்டத்தின் கீழ் வந்தது. 1538-லிருந்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் தேவாலயத்தில் பதிவேட்டில் எழுதவேண்டும் என்று உத்தரவு. கோர்ட்டிலும் வரிக் கணக்கிலும் ஆங்கிலேய வழக்கப்படி பெயர்கள் எழுதப்பட்டன. தலைமுறைக்குத் தலைமுறை மாறும் பெயரை வைத்துக்கொண்டு ரிஜிஸ்டர் நடத்த முடியுமா? மெல்ல மெல்ல, இரண்டு மூன்று நூற்றாண்டுகளில், அந்தந்தக் காலத்தில் இருந்த அப்பாவின் பெயர் அப்படியே உறைந்து குடும்பப் பெயராகிவிட்டது. ஆப் ரீஸ், ‘பிரைஸ்’ ஆனது. ஆப் ஹவெல், ‘பவல்’ ஆனது. ஆப் ஹாரி, ‘பாரி’ ஆனது. ஜானின் பிள்ளைகள் எல்லாம் ஜோன்ஸ் ஆனார்கள். அந்தக் காலத்தில் ஜான் என்று பெயர் வைக்காத தெரு இல்லை. அதனால்தான் இத்தனை ஜோன்ஸ்.

இதில் ஒரு விசேஷம். பழைய வேல்ஸ் நெடுங்கணக்கில் ‘ஜே’ என்ற எழுத்தே கிடையாது. தங்கள் மொழியில் இல்லாத எழுத்தில் தொடங்கும் பெயர்தான் இன்று அந்த நாட்டில் முதலிடம். எழுதியவர்கள் யார் என்பது இதிலிருந்தே தெரிகிறது. பெயர் மக்களுடையது, எழுத்து குமாஸ்தாவுடையது. குமாஸ்தா வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்கிறேன்.

எல்லோரும் ஜோன்ஸ் ஆகிவிட்டால் ஆளை எப்படி அடையாளம் காண்பது? எங்கள் ஹெட் கிளார்க்கின் பென்சில் வழிதான். வேல்ஸ் கிராமங்களில் ‘பால் ஜோன்ஸ்’, ‘ரொட்டி ஜோன்ஸ்’ என்று தொழிலைச் சேர்த்துச் சொல்வார்கள். 1959-ல் பிரிட்டிஷ் டெலிவிஷனில் வந்த ‘ஐவர் தி எஞ்சின்’ என்ற குழந்தைகள் தொடரில் வேல்ஸ் மலைப்பாதையில் ஓடும் சின்ன ரயிலுக்கு டிரைவர் ஒருவர். அவரை எல்லோரும் ‘ஜோன்ஸ் தி ஸ்டீம்’ என்றுதான் கூப்பிடுவார்கள், அதாவது நீராவி ஜோன்ஸ்.

2006-ல் கார்டிஃப் நகரில் வேல்ஸ் டெலிவிஷன் நிகழ்ச்சி ஒன்றுக்காக ஜோன்ஸ்களை எல்லாம் ஒரே அரங்கில் கூட்டினார்கள். 1,224 பேர் வந்தார்கள். ஒரே குடும்பப் பெயர்க்காரர்கள் கூடியதில் அப்போது அது உலக சாதனையாக இருந்தது. அங்கே யாராவது “ஜோன்ஸ் சார்” என்று கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பெயரை விட்டவர்கள், எடுத்தவர்கள்

கதை எழுதுபவர்களுக்கு இந்தப் பெயர் ஏன் பிடிக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும். ஜோன்ஸ் என்றால் ‘யாரோ ஒருவர்’. ‘டாட்ஸ் ஆர்மி’ (1968-1977) என்ற பி.பி.சி. நகைச்சுவைத் தொடரில், யுத்தகாலத்தில் ஊர்க்காவல் படையில் சேரும் கிழட்டுக் கசாப்புக் கடைக்காரருக்கு ஜோன்ஸ் என்று பெயர். எந்த ஊர்க் கடைத்தெருவிலும் பார்க்கக்கூடிய மனிதர். ‘பிரிட்ஜெட்’ படத்திலும் அதே உத்தி. எந்த ஆபீஸிலும் இருக்கக்கூடிய பெண்.

டாம் ஜோன்ஸ் கதை வேறு மாதிரி. ஹென்றி ஃபீல்டிங் 1749-ல் எழுதிய நாவல். ஒரு பணக்காரர் வீட்டுப் படுக்கையில் கிடந்த குழந்தைக்குத் தாய் என்று ஜென்னி ஜோன்ஸ் என்ற பெண்மேல் பழி விழுகிறது. குழந்தைக்கு அவள் பெயர் ஒட்டிக்கொள்கிறது. கடைசியில் பார்த்தால் அவள் தாயே அல்ல. ஆக, தனக்குச் சொந்தமில்லாத பெயரைச் சுமந்தவன் கதை அது. படமாக வந்து சிறந்த படத்துக்கான ஆஸ்கார் வாங்கியது. அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் வேல்ஸ்காரரான தாமஸ் உட்வர்ட் என்ற இளம் பாடகர் அதே பெயரைத் தன் மேடைப் பெயராக எடுத்துக்கொண்டார். பிறகு ‘திஸ் இஸ் டாம் ஜோன்ஸ்’ (1969-1971) என்று தன் பெயரிலேயே டெலிவிஷன் நிகழ்ச்சி நடத்தினார்.

ஜோன்ஸ் அல்லாதவர் ஜோன்ஸ் ஆனார். அதே சமயம் ஒரு ஜோன்ஸ் அதை விட்டுவிட்டு ஓடினார். லண்டனில் டேவிட் ஜோன்ஸ் என்று ஒரு பாடகர். அப்போது இன்னொரு டேவி ஜோன்ஸ் பேர் வாங்கிக்கொண்டிருந்தார். 1966-ல் ‘தி மங்கீஸ்’ என்ற டெலிவிஷன் தொடரில் நடித்து உலகம் முழுக்கத் தெரிந்தவர் அந்த இரண்டாமவர். ஒரே பெயரில் இரண்டு கணக்கு ஓடினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதலாமவர் பெயரை மாற்றிக்கொண்டார். அவர்தான் டேவிட் போவி.

அதோடு முடியவில்லை. போவியின் மகன் சினிமா இயக்குநரானார். அப்பாவின் புகழ்பெற்ற பெயரைப் போட்டுக்கொள்ளாமல், அப்பா கழற்றி வைத்த பழைய பெயரை எடுத்துக்கொண்டார்: டங்கன் ஜோன்ஸ். அவருடைய முதல் படம் ‘மூன்’ (2009). நிலவில் தனியாக வேலை பார்க்கும் ஒருவன், தன்னைப் போலவே, தன் பெயரோடேயே இன்னும் பல நகல்கள் இருப்பதைக் கண்டுபிடிக்கும் கதை. இதை ஒரு ஜோன்ஸ் எடுத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அப்பாவின் பெயரும் நாயின் பெயரும்

இந்தியானா ஜோன்ஸுக்கு வருவோம். கதையை யோசித்த ஜார்ஜ் லூகாஸ் முதலில் வைத்த பெயர் இந்தியானா ஸ்மித். ‘இந்தியானா’ என்பது அவர் வளர்த்த நாயின் பெயர். இயக்குநர் ஸ்பீல்பெர்க்குக்கு ஸ்மித் பிடிக்கவில்லை. பேச்சில் அது ஜோன்ஸ் ஆனது. 1981-ல் முதல் படம். 1984-ல் வந்த இரண்டாவது படத்தின் கதை இந்தியாவில் நடக்கிறது. இங்கே அனுமதி கிடைக்காததால் இலங்கையில் கண்டிப் பக்கம் எடுத்தார்கள். நம்மூர் அம்ரீஷ் பூரிதான் வில்லன்.

எனக்குப் பிடித்தது 1989-ல் வந்த மூன்றாவது படம். அதில் அப்பா வருகிறார், ஷான் கானரி. அவர் மகனை ‘ஜூனியர்’ என்றே கூப்பிடுகிறார். மகன் எரிந்து விழுகிறான். அப்பா பெயர் ஹென்றி ஜோன்ஸ், மகனும் ஹென்றி ஜோன்ஸ். தனக்கென்று ஒரு பெயர் வேண்டும் என்று வீட்டு நாயின் பெயரை வைத்துக்கொண்டான் என்பது கடைசியில்தான் தெரிகிறது. தியேட்டரில் எல்லோரும் சிரித்திருப்பார்கள். நான் வீட்டில் தனியாகப் பார்த்தேன், எனக்குச் சிரிப்போடு வேறு ஒன்றும் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு ஜோன்ஸ்

அடுக்ககத்தில் இருக்கும் நமக்கு வேண்டிய ஜோன்ஸ் ஒருவர் உண்டு. 1913-ல் அமெரிக்கப் பத்திரிகையில் ஒரு படக்கதைத் தொடர் தொடங்கியது. பக்கத்து வீட்டு ஜோன்ஸ் குடும்பத்துக்கு ஈடுகொடுக்கத் திண்டாடும் ஒரு குடும்பத்தின் கதை. அந்த ஜோன்ஸ்கள் ஒருநாளும் முகம் காட்டமாட்டார்கள். அந்தத் தலைப்பே ஆங்கிலத்தில் வழக்குச் சொல்லாகிவிட்டது.

‘தி ஜோன்ஸஸ்’ (2009) என்ற படம் அதை ஒரு படி மேலே கொண்டுபோகிறது. வசதியான குடியிருப்புக்கு அழகான ஒரு குடும்பம் குடிவருகிறது. புதுக் கார், புது போன், புதுச் சமையலறை. அக்கம்பக்கத்தார் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். உண்மையில் அது குடும்பமே இல்லை. பொருள்களை விற்பதற்காகக் கம்பெனி அனுப்பிய நான்கு விற்பனையாளர்கள். கடன்மேல் கடன் வாங்கி அவர்களுக்கு ஈடுகொடுத்த பக்கத்து வீட்டுக்காரர் உயிரை விடுகிறார். கடன் பிரிவில் எட்டு வருடம் உட்கார்ந்தவன் சொல்கிறேன்: தேவைக்கு வாங்கிய கடனைவிட, பக்கத்து வீட்டைப் பார்த்து வாங்கிய கடன்தான் அதிகம் தவணை தவறும். விண்ணப்பத்தில் காரணம் என்று வேறு எதையோ எழுதியிருப்பார்கள்.

ஒரே ஒரு மிஸ்டர் ஜோன்ஸ்

கடைசியாகப் பார்த்த படம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அக்னீஸ்கா ஹோலண்ட் இயக்கிய ‘மிஸ்டர் ஜோன்ஸ்’. இந்த ஜோன்ஸ் கற்பனைப் பாத்திரம் அல்ல. கேரத் ஜோன்ஸ், 1905-ல் வேல்ஸில் பாரி என்ற ஊரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தவர், ரஷ்ய மொழி தெரிந்தவர். 1933 மார்ச்சில் உக்ரைன் கிராமங்களில் நடந்து திரிந்து பஞ்சத்தை நேரில் பார்த்தார். ஸ்டாலின் அரசு தானியத்தைப் பறித்துக்கொண்டதால் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்த காலம். மார்ச் 29-ஆம் தேதி பெர்லினில் பத்திரிகைகளுக்கு அதைச் சொன்னார். இரண்டே நாளில், புலிட்சர் பரிசு வாங்கிய நியூயார்க் டைம்ஸ் நிருபர் வால்டர் டுராண்டி மறுத்து எழுதினார். பெரிய பெயர் சொன்னதை உலகம் நம்பியது. சாதாரணப் பெயர் சொன்னதை ஒதுக்கியது. ஜோன்ஸ் மறுபடி ரஷ்யாவுக்குள் போக முடியாமல் தடை விதிக்கப்பட்டது. 1935 ஆகஸ்டில், மங்கோலியப் பகுதியில் செய்தி சேகரிக்கப் போன இடத்தில், கொள்ளைக்காரர்களிடம் சிக்கிக் கொல்லப்பட்டார். மறுநாள் அவருக்கு முப்பது வயது நிறைந்திருக்கும்.

உண்மையைச் சொன்ன ஒரு மனிதர், ஆயிரமாயிரம் ஜோன்ஸ்களில் ஒருவராகப் பல பத்தாண்டுகள் மறைந்து கிடந்தார். அவர் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுத ஆள் இல்லை. அந்தப் படம்தான் அவருக்குக் கிடைத்த பென்சில் குறிப்பு என்று எனக்குத் தோன்றியது.

நம் கட்டம்

நமக்குக் குடும்பப் பெயர் இல்லாமல் போனதற்கும் ஒரு வரலாறு உண்டு. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடும் வழக்கம் இங்கே இருந்தது. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் அதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பெரும்பாலோர் விட்டார்கள். மிஞ்சியது அப்பா பெயரின் முதல் எழுத்து. படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறதே என்று வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் முன்னோர் யோசித்துக் காலி செய்த கட்டம் அது.

ஆனால் பாஸ்போர்ட்டிலும் அந்தக் கட்டம் இருக்கிறது. என் மகன் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் இருக்கிறான். ஆற்றைத் தாண்டினால் வேல்ஸ். அவன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் பெயர். அவனைப் பார்க்கப் போனபோது ஒரு டாக்டர் கிளினிக்கில் நர்ஸ் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் எழுந்து நின்றேன். அவள் கூப்பிட்டது அவனை. ஆபீஸில் எல்லோரும் அவனை என் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். இந்தியானா ஜோன்ஸின் அப்பா ‘ஜூனியர்’ என்று கூப்பிடும்போது எனக்கு வேறு ஒன்று வந்தது என்றேனே, அது இந்த நர்ஸின் குரல்தான்.

இந்த வருடம் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அங்கே 42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். போன் செய்தான். “அப்பா, பாப்பாவுக்கும் உங்க பெயரையே குடும்பப் பெயரா போட்டுடறேன். அப்பத்தான் ஏர்போர்ட்ல எங்களுக்குத் தொந்தரவு இருக்காது” என்றான். நம் வழக்கப்படி பார்த்தால் அவள் பெயரோடு வரவேண்டியது அவன் பெயர். “உன் பெயர் போகுதே?” என்றேன். “பரவாயில்லப்பா” என்றான்.

ஒருநாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன், பொய் சொல்வானேன். மறுநாள் காலையில் யோசித்தேன். ஜோன்ஸ்களின் முதல் ஜான் யார்? எந்த ஊர்? என்ன வேலை பார்த்தான்? இன்று யாருக்கும் தெரியாது. அவன் பெயர் மட்டும் பல லட்சம் பேர்மேல் உட்கார்ந்திருக்கிறது. உறைந்துபோன பெயரில் ஆள் மிஞ்சுவதில்லை. நூறு வருடம் கழித்து என் பெயரும் யாரோ ஒரு பெண்ணின் பாஸ்போர்ட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஸ்பெல்லிங் தேய்ந்துபோய்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். ஒரு தாளில் நான்கு தலைமுறை எழுதினேன். ஒவ்வொருவருக்கும் முழுப் பெயர், ஊர், தொழில். அப்பாக்களோடு அம்மாக்களையும் எழுதினேன். இதற்கே என் அக்காவுக்கு மூன்று தடவை போன் செய்ய வேண்டியிருந்தது. என் அப்பாவின் பாட்டியின் பெயர் என் அக்காவுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அவருக்கு வயது எழுபத்தெட்டு. தாளைப் போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினேன். பேத்தியின் பிறப்புச் சான்றிதழோடு வைத்திருக்கிறேன் என்றான்.

உங்களுக்கும் இதையேதான் சொல்ல வந்தேன். சங்கப் படிவத்தில் இரண்டாவது கட்டத்தில் இனிஷியலைப் போட்டுவிட்டு விடாதீர்கள். அந்த எழுத்தை விரித்து, அப்பாவோ அம்மாவோ, முழுப் பெயராக எழுதுங்கள். கையேட்டில் இடம் போதாது என்று செயலாளர் சொன்னால் நான் பேசிக்கொள்கிறேன். அதோடு, வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே ஒரு தாளில் நான்கு தலைமுறையை எழுதி வையுங்கள். பேனா கிடைக்காவிட்டால் பென்சில் போதும்.